டாக்கிங் ஸ்டேஜுக்கு டிக்கெட் எவ்வளவு?

கேள்வி: ‘டேட்டிங்கா?’ என்று கேட்டால், ‘இல்லப்பா, டாக்கிங் ஸ்டேஜ்’ என்கிறான் என் மகன். இதெல்லாம் என்ன ஆசிரியரே? (தண்டையார்பேட்டை வாசகர்)

பதில்: பஸ்ஸில் போகிறவருக்கு ஸ்டேஜ் தெரியாதா! ஸ்டேஜ் தாண்டினால் டிக்கெட் ஏறும். தாண்டுவதற்குள் கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கொடுத்துக் கணக்கை மூட வேண்டும். கூட்டம் நெரிந்தால் வண்டியை ஓரங்கட்டிவிடுவார். நாம் வெயிலில் வேக வேண்டியதுதான். (இந்த ஓரங்கட்டலை இதே பக்கத்தில் பலமுறை திட்டியாயிற்று; பலனில்லை.)

பிள்ளைகளின் ரூட்டும் அப்படித்தான். டாக்கிங் என்பது ஏறும் இடம்: இன்ஸ்டா ஸ்டோரிக்கு ஒரு சிரிப்புப் பொம்மை, பிறகு நம்பர், பிறகு நள்ளிரவு வரை அரட்டை. இந்த ஸ்டேஜில் இன்னொருவரோடும் பேசிக்கொண்டிருக்கலாம், துரோகக் கணக்கில் வராது. அடுத்தது டேட்டிங். அமெரிக்காவில் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று பேரைச் சந்தித்துப் பழகுவதையும் இந்தச் சொல்லால் சொல்வார்கள். இங்கே பலருக்கு அது ‘ஒரே ஆள்தான்’ என்று பொருள்படுகிறது. சண்டை அந்த இடத்தில்தான் முளைக்கிறது. ஒருவர் திருவொற்றியூர் அஜாக்ஸுக்கு டிக்கெட் எடுத்திருப்பார், பக்கத்து சீட்டுக்காரர் நடுவழியில் கல்மண்டபத்திலேயே இறங்கிவிடுவார். அதையும் தாண்டினால் ‘கமிட்டட்’, அதாவது உறுதியான ஜோடி.

சிச்சுவேஷன்ஷிப் என்பது படியில் தொங்குவது. ஜோடியாகச் சுற்றுவார்கள், சந்தேகப்படுவார்கள், கோபித்துக்கொள்வார்கள்; பெயர் மட்டும் வைக்க மாட்டார்கள். பெண்களின் இலவசப் பயணத்துக்கே சீட்டு உண்டு, இதற்கு அதுவும் கிடையாது. வீட்டில் வரன் பார்க்க ஆரம்பிக்கும் நாளில் செக்கிங் ஏறுவார், அகப்படுவார்கள். பையனிடம் மூன்று கேள்வி போதும்: வேறு யாராவது உண்டா? அந்தப் பெண்ணும் இதை டாக்கிங் என்றுதான் நினைக்கிறதா? அங்கே மாப்பிள்ளை பார்த்தால் நீ என்ன செய்வாய்? இரண்டாவதற்குத்தான் முழிப்பான்.

காதலுக்கு நம்ம பக்கத்துப் பேர் ‘டாவு’ என்று இருந்ததே, அது பாயின்ட் டு பாயின்ட் வண்டி. நடுவில் ஸ்டேஜே கிடையாது.

ஸ்டேஜ் ஸ்டேஜாக வந்தது என்றால் மெட்ரோதான். 1856-லேயே ராயபுரத்திலிருந்து ரயில் விட்ட பகுதி ஐயா நம்ம வடசென்னை! ஆலந்தூர்–கோயம்பேடு 2015-ல் ஓடியது. 2019-ல் வண்ணாரப்பேட்டை வரை எட்டிப் பார்த்துவிட்டு நின்றார்கள். திருவொற்றியூர் வழியாக விம்கோ நகருக்கு 2021-ல்தான் வந்தார்கள், அதுவும் தேதி பார்த்து, பிப்ரவரி 14. அதுவரை மெட்ரோவுக்கும் திருவொற்றியூருக்கும் இருந்ததற்குப் பெயர் சிச்சுவேஷன்ஷிப்.