சொன்னால் திட்டு விழுமோ?

கேள்வி: மருத்துவ நிறுவனமொன்றில் மேலாளராக இருக்கிறேன். பிறந்தநாள் விழா, விருது எல்லாம் நடத்துகிறோம். ஆனாலும் செவிலியர்கள் மனம்விட்டுப் பேசுவதில்லையே?

பதில்: விழா இருக்கட்டும். இரவுப் பணி முடிகிற நேரத்தில் வார்டுக்குப் போயிருக்கிறீர்களா? நான் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்தபோது, மருந்தளவு மாறிப்போனதை என்னிடம் சொல்ல ஒரு பெண் மூன்று நாள் தயங்கினார். காரணம் நான்தான், முந்தைய வாரம் இன்னொருவரை எல்லோர் முன்னாலும் திட்டியிருந்தேன். 1990களில் நிர்வாகவியல் ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறியதால் அல்ல, பயமின்றிச் சொல்ல முடிந்ததால் என்பது அவர் விளக்கம். (எனக்கு இது புரியப் பத்து வருஷம் ஆனது!) அப்புறம், அடுத்த மாதப் பணி அட்டவணையை உங்கள் செவிலியர்களையே போடச் சொல்லிப் பாருங்கள்.