பிசாசுப் படையில் இரண்டு சம்பளம்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கரும் கனடியரும் கலந்த ‘பிசாசுப் படை’ என்று ஒரு கமாண்டோ படை இருந்ததாமே? இரண்டு நாட்டுக்காரர்கள் எப்படி ஒத்துப்போனார்கள்?

பதில்: சம்பள விஷயத்தைத் தவிர, நன்றாகவே ஒத்துப்போனார்கள். 1942 ஜூலையில் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ஹெலினா நகரத்துக்குப் பக்கத்தில் தொடங்கிய படை. தளபதி ராபர்ட் ஃபிரெடரிக். ‘முதல் சிறப்புச் சேவைப் படை’ என்று சாதுவாகப் பெயர் வைத்தார்கள். அன்றைய அமெரிக்க ராணுவத்தில் சிறப்புச் சேவைகள் என்றால் வீரர்களுக்குப் பொழுதுபோக்கு நிகழ்ச்சி நடத்திய பிரிவு!

நார்வேயின் பனியில் குதித்து நீர்மின் நிலையங்களைத் தகர்ப்பதுதான் முதல் திட்டம். அது கைவிடப்பட்டது, கற்ற பாறையேற்றம் மட்டும் பின்னால் கைகொடுத்தது.

அமெரிக்கருக்கு ஒரு படைப்பிரிவு, கனடியருக்கு ஒரு படைப்பிரிவு என்று பிரிக்கவில்லை. எல்லோரும் கலந்துதான் இருந்தார்கள். கனடிய அதிகாரி சொன்னால் அமெரிக்கச் சிப்பாய் கேட்க வேண்டும். சீருடையும் ஒன்றுதான். சம்பளத்தை மட்டும் அவரவர் நாடு கொடுத்தது, கனடியருக்குக் குறைவு. பக்கத்தில் படுத்திருப்பவன் அதே வேலைக்கு அதிகம் வாங்கினால் யாருக்குத்தான் வயிறு எரியாது? அப்படியும் படை உடையவில்லை. என்னைக் கேட்டால், மலை ஏறியதைவிட அதுதான் பெரிய சாதனை.

மலையும் சாதாரணமல்ல. 1943 டிசம்பர், இத்தாலியின் மோன்டே லா டிஃபென்சா. உச்சியில் ஜெர்மானியர். அதற்குமுன் ஏறப் பார்த்த படைகள் தோற்றுத் திரும்பியிருந்தன. இவர்கள் பின்பக்கச் செங்குத்துப் பாறையில் ராத்திரியோடு ராத்திரியாகக் கயிறு பிடித்து ஏறிவிட்டார்கள்.

அடுத்தது இத்தாலியின் ஆன்சியோ கடற்கரை. முகத்தில் கரி பூசிக்கொண்டு இருட்டில் எதிரி வரிசைக்குள் நுழைவார்கள். ‘மோசமானது இனிமேல்தான்’ என்று ஜெர்மன் மொழியில் அச்சடித்த ஒட்டுத்தாளைப் பிணங்களின்மேல் ஒட்டிவிட்டு வருவார்கள். ‘கறுப்புப் பிசாசுகள்’ என்ற பெயர் அங்கே வந்தது என்பார்கள்.

அங்கேதான் டாமி பிரின்ஸ், கனடாவின் மனிடோபா மாகாணத்து ஒஜிப்வே பழங்குடியினர், 1944 பிப்ரவரியில் ஒரு பண்ணை வீட்டில் ஒளிந்திருந்து ஜெர்மானிய பீரங்கிகளின் இடத்தைத் தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு விழுந்து கம்பி அறுந்தது. மனிதர் என்ன செய்தார்? விவசாயி உடையை மாட்டிக்கொண்டு, களை எடுப்பதுபோல் எதிரியின் கண்ணெதிரே நடந்தார். ஷூ கயிறு கட்டுகிற சாக்கில் குனிந்து கம்பியை முடிச்சுப் போட்டார். இதற்கு பிரிட்டிஷ் ராணுவப் பதக்கமும், பின்னால் தெற்கு பிரான்சில் வேவு பார்த்ததற்கு அமெரிக்கப் பதக்கமும் கிடைத்தன. போருக்குப் பின் வறுமை. பதக்கங்கள்கூட கைவிட்டுப் போயின.

கேள்வி: அப்புறம் ஏன் கலைத்தார்கள்?

பதில்: இழப்பு அதிகம். இப்படிப் பயிற்சி பெற்ற மாற்று ஆட்கள் லேசில் கிடைக்க மாட்டார்கள். கனடாவுக்கோ ஏற்கெனவே ஆள் பஞ்சம். 1944 டிசம்பர் 5 அன்று தெற்கு பிரான்சில் கடைசி அணிவகுப்பு. கனடியர்களை வரிசையிலிருந்து வெளியே வரச் சொன்னார்கள். அவர்கள் நின்ற இடங்களை அமெரிக்கர்கள் நிரப்பவில்லை. இடைவெளியோடே அணிவகுத்துப் போனார்கள். இன்றைய அமெரிக்கச் சிறப்புப் படைகளும் கனடியச் சிறப்பு நடவடிக்கை ரெஜிமென்ட்டும் இந்தப் படையைத்தான் மூதாதை என்கின்றன. அமெரிக்க காங்கிரஸின் தங்கப் பதக்கம் 2015-ல்தான் வந்தது. அதில் மட்டும் இரண்டு நாட்டு வீரர்களுக்கும் ஒரே மரியாதை.