ஏமாந்தவர்கள் ரசிகர்கள் அல்லர்

கேள்வி: தொடர்ந்து தோற்கும் கால்பந்து அணி, பயிற்சியாளரை நீக்கிவிட்டு இடைக்காலத்துக்கு ஒருவரை அமர்த்தியதுமே, இனி எல்லாம் மாறிவிடும் என்று ரசிகர்கள் நம்புவது ஏமாளித்தனம்தானே?

பதில்: இல்லை. ஏமாந்தவர்களை நீங்கள் தவறான இடத்தில் தேடுகிறீர்கள்.

இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 டிசம்பரில் பயிற்சியாளர் மொரின்யோ நீக்கப்பட்டபோது, லீக்கில் முதலிடத்தில் இருந்த லிவர்பூலைவிட அந்த அணி 19 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியின் கடைசி நிமிடத்தில் கோல் அடித்துக் கோப்பையைப் பெற்றுத்தந்த சோல்ஷர் இடைக்காலப் பயிற்சியாளராக வந்தார். முதல் போட்டியிலேயே கார்டிஃபை 5-1 என வீழ்த்தினார். அடுத்தடுத்து எட்டு வெற்றிகள் குவிந்தன. மொரின்யோவின் கடைசிப் போட்டியில், லிவர்பூலுக்கு எதிராக, பெஞ்சைவிட்டு எழவே வாய்ப்புப் பெறாத நடுக்கள வீரர் போக்பா, அதே மாதத்தில் கோல் மழை பொழிந்தார். பழைய பயிற்சியாளரின் கோபத்துக்கு ஆளானவர்கள், புதியவரின் கீழ் கணக்கைப் புதிதாகத் தொடங்கலாம் என்பதால் முதல் வாரங்களில் இப்படி நிகழ்வது இயல்பு. சொந்த மைதானத்தில் 0-2 எனத் தோற்றபின் பாரிஸ் சென்று, முதல்நிலை வீரர்கள் பத்துப் பேர் ஆட முடியாத நிலையில், அந்நகரின் பிஎஸ்ஜி அணியை 3-1 என வென்ற இரவில் கொண்டாடிய ரசிகர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல மாதங்களாகத் தோல்வியைச் சுமந்தவர்கள் அவர்கள். அந்த மகிழ்ச்சி அவர்களுக்குச் சேர வேண்டிய கூலி.

நிர்வாகத்தின் கதை வேறு. பாரிஸ் வெற்றிக்குப் பின் அடுத்த இரண்டு போட்டிகளிலும், ஆர்சனலிடமும் வுல்வ்ஸிடமும், அணி தோற்றது. அப்படியிருந்தும் பருவம் முடியும்வரை பொறுக்காமல், 2019 மார்ச் 28 அன்று சோல்ஷருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுத்தார்கள். அதன்பின் அந்தப் பருவத்தில் ஆடிய பத்துப் போட்டிகளில் இரண்டில் மட்டுமே வெற்றி. தொடக்கத்தில் ஐந்து கோல் வாங்கிய அதே கார்டிஃப், லீக்கிலிருந்து அடுத்த நிலைப் பிரிவுக்குக் கீழிறங்குவது உறுதியான பிறகு, கடைசி நாளில் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டுக்கே வந்து 2-0 என வென்று சென்றது. எந்த வீரரை வாங்குவது, எந்த ஆட்டமுறைக்கு வாங்குவது என்று தீர்மானிக்க வேண்டிய கால்பந்து இயக்குநர் பதவிகூட 2021 மார்ச் வரை அந்தக் கிளப்பில் நிரப்பப்படவில்லை. அந்தக் குறையை ஒரு பயிற்சியாளரின் நல்ல சுபாவம் எத்தனை நாள் மறைக்கும்?

இடைக்காலப் பயிற்சியாளர்கள் கோப்பை வென்றதே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2012இல் டி மாத்தேயோ செல்சியை ஐரோப்பிய சாம்பியனாக்கினார். ஆனால் லீக்கில் ஆறாமிடம்தான், ஆறு மாதத்தில் வேலையும் போயிற்று. ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக் அணியில் 2019 நவம்பரில் இடைக்காலமாகப் பொறுப்பேற்ற ஃபிளிக், அந்தப் பருவத்திலேயே மூன்று கோப்பைகளை வென்றார். அங்கே தேவையான வீரர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். சில மாதங்கள் அவருடைய வேலையைப் பார்த்துவிட்டு, 2020 ஏப்ரலில்தான் நீண்டகால ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஆகவே ரசிகர்கள் தாராளமாக நம்பட்டும், பாடட்டும். அந்தப் பாட்டைக் கேட்டு ஒப்பந்தத்தை நீட்டும் நிர்வாகியிடம்தான் உங்கள் கேள்வியைக் கேட்க வேண்டும்.