செய்தியாளருக்கு உரிய இருக்கை

அன்புள்ள ஐயா,

நான் ஒரு நாளிதழின் நகரச் செய்தியாளன். சென்ற மாத நகர்மன்றக் கூட்டத்தில், எங்கள் வார்டில் மழைநீர் வடிகால் பணி முடிந்துவிட்டதாகத் தலைவர் அறிவித்தார். அந்தப் பணி பாதியில் நிற்பதை நாள்தோறும் பார்ப்பவன் என்பதால், எழுந்து “அது தவறு” என்று சொல்லிவிட்டேன். உறுப்பினர்கள் சிலர் கைதட்டினார்கள். மூத்த செய்தியாளர் ஒருவர் கடிந்துகொண்டார். நான் செய்தது பிழையா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதை வெளிப்படுத்திய இடம் தவறு. மன்றத்தில் பேசும் உரிமை மக்கள் வாக்களித்து அனுப்பிய உறுப்பினர்களுக்கு உரியது. அவர்களே தலைவரை விளித்துத்தான் பேச வேண்டும். நீங்கள் எழுந்து பேசியதால், இனி அந்த வடிகாலைப் பற்றி என்ன எழுதினாலும், கைதட்டியவர்களின் பக்கம் நின்று எழுதுகிறீர்கள் என்று ஒதுக்கிவிட முடியும். தலைவர் சொன்னதைச் சொன்னபடியே குறித்துக்கொண்டு, கூட்டம் முடிந்ததும் நகராட்சிப் பொறியாளரிடம், அளவுப் புத்தகத்தில் எத்தனை மீட்டர் பதிவாகியிருக்கிறது, ஒப்பந்ததாரருக்கு எவ்வளவு தொகை வழங்கப்பட்டிருக்கிறது என்று கேட்டு, பணி நிற்கும் இடத்தின் படத்தோடு எழுதியிருக்க வேண்டும். அவர் சொல்ல மறுத்தால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கொடுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

கிராம சபை வேறு. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள் என்பதால், சொந்த ஊரில் ஆகஸ்ட் 15 அன்றோ அக்டோபர் 2 அன்றோ கூடும் சபையில் எழுந்து கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அப்படிக் கேட்டால், அன்றைய செய்தியை வேறொருவர் எழுதட்டும்.

பேசுவதற்காக எழுவது மட்டுமல்ல, வேறு காரணத்துக்காக இருக்கையை விட்டு எழுவதும் பிழைதான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நகர்மன்றக் கூட்டத்தில் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்தபோது, பேட்டி எடுப்பதற்காக அவர்கள் பின்னால் வாசலுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது மீதித் தீர்மானங்கள் எல்லாம் விவாதமின்றி ஒரேயடியாக ‘ஆல் பாஸ்’ ஆகி, ஊழியர்கள் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். வாரச் சந்தையின் சுங்கக் குத்தகையை நீட்டித்தது அந்தப் பத்து நிமிடத்தில்தான். கீரைக்கட்டு விற்கும் அம்மாள் ஒருவர், சுங்கம் கூடிவிட்டதாகச் சொன்ன பிறகே எனக்கு அது தெரிந்தது. நான் புரட்டாமல் மடித்து வைத்திருந்த அஜெண்டாவில் அந்த மன்றப்பொருள் அச்சாகியே இருந்தது. அன்று முதல், அஜெண்டாவை முன்னதாகவே வாங்கிப் படிக்காமல் நான் எந்தக் கூட்டத்துக்கும் போனதில்லை.

கூட்டம் முடிந்ததும் செய்தியாளர்களிடம் பணம் வைத்து நீட்டப்படும் ‘கவரை’ நீங்கள் வாங்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறைகளும் அதைத் தடுக்கின்றன.

அடுத்த கூட்டத்துக்கு முன்பாகத் தலைவரை அவருடைய அறையில் சந்தித்து, அன்று குறுக்கிட்டதற்கு வருத்தம் தெரிவியுங்கள். வடிகால் எத்தனை மீட்டர் முடிந்திருக்கிறது என்ற கேள்வியையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.