லாரி சரி, லோடு எங்கே?

கேள்வி: வயது 43. இருபது வருடமாக அலுவலக வேலை; போதும் என்றாகிவிட்டது. சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்த்துப் புது லாரி ஒன்று வாங்கி, சொந்தமாகச் சரக்குப் போக்குவரத்துத் தொழிலில் இறங்கலாம் என்றிருக்கிறேன். கனரக உரிமம் எடுத்துவிட்டேன், நானே ஓட்டுவேன். மாதம் 10,000 கிலோமீட்டர் ஓடினால் தவணை போக இப்போதைய சம்பளத்தைவிடக் கூடுதலாகவே நிற்கும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. வீட்டில்தான் ஒத்துக்கொள்ளவில்லை. எந்த வண்டி வாங்கலாம்? வேலையை எப்போது விடலாம்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: உங்கள் கடிதம் மூன்று பக்கம், சுருக்கிப் போட்டிருக்கிறோம். அதில் இரண்டு பக்கம் வண்டியைப் பற்றி: எத்தனை சக்கரம், எவ்வளவு குதிரைத்திறன், கேபினில் ஏசி உண்டா, படுக்கை எப்படி. அந்த வண்டியில் என்ன ஏற்றப் போகிறீர்கள், யார் கொடுப்பார்கள், எங்கிருந்து எங்கே என்று தேடினேன். ஒரு வரிகூட இல்லை. உங்கள் வீட்டார் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பது எனக்குப் புரிகிறது.

முதலில் அந்த 10,000 கிலோமீட்டர். மாதம் 25 நாள் ஓட்டினால் நாளைக்கு 400. சராசரி வேகம் 50 என்றால் எட்டு மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்க வேண்டும். முடியாத காரியமா என்றால் இல்லை. ஆனால் அந்த எட்டு மணி நேரத்துக்கு வெளியேதான் தொழிலின் பாதி இருக்கிறது. கிடங்கு வாசலில் வரிசை, எடைமேடை, ரசீது எழுதுகிறவர் சாப்பிடப் போய்விட்டார், இறக்க ஆளில்லை, தார்ப்பாயை அவிழ்த்து மடித்து மறுபடி கட்டுவது. ஒரு லோடு ஏற்றி இறக்க அரை நாள் போவது சாதாரணம்; ஒரு நாள் முழுக்கப் போனாலும் யாரும் மன்னிப்புக் கேட்க மாட்டார்கள். அமெரிக்க விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் வேலையைத் தொடங்கிய 14 மணி நேரத்துக்குள்தான் ஓட்டலாம், அதிலும் ஓட்டுவது 11 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த 14 மணி நேரக் கடிகாரம் கிடங்கு வாசலில் காத்துக் கிடக்கும்போதும் பொதுவாக ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட ஓய்வு கட்டாயம். விதி தளர்வாக உள்ள ஊரில் இருந்தால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். தூக்கம் எந்த ஊர்ச் சட்டத்தையும் பார்த்து வருவதில்லை. வேகத்தைக் கூட்டிச் சரிக்கட்டலாம் என்றால், காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். மிச்சப்படுத்திய நேரத்தை டீசலில் கட்டுவீர்கள்.

அடுத்தது இதைவிடப் பெரியது. நீங்கள் 10,000 என்று எழுதியிருப்பது லோடோடு ஓடுவதா, காலியாகத் திரும்புவதையும் சேர்த்தா? சேர்த்துத்தான் போட்டிருக்கிறீர்கள் என்று உங்கள் கணக்கைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனால் வாடகையைப் போடும்போது எல்லாக் கிலோமீட்டருக்கும் போட்டுவிட்டீர்கள். ஐரோப்பாவில் லாரிகள் ஓடும் மொத்தத் தூரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காலி ஓட்டம். பெரிய கம்பெனிகளும் கிளை அலுவலகங்களும் சேர்ந்த நிலவரம் இது. ஒற்றை வண்டிக்காரர் புதிதாக வந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பணம் எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும், எண்கள் வெறும் உதாரணம். லோடோடு ஓடக் கிலோமீட்டருக்குச் செலவு 40, காலியாக ஓட 32. தவணை, இன்சூரன்ஸ், டயர் தேய்மானம் எல்லாம் இதற்குள். உங்களுக்குக் கிடைக்கும் வாடகை 60. நானூறு கிலோமீட்டர் போனால் கைக்கு 24,000, செலவு 16,000, லாபம் 8,000. அற்புதம்! இப்போது வண்டியைத் திருப்புங்கள். காலியாக வந்தால் இன்னும் 12,800 செலவு. நடைக்கு 4,800 நஷ்டம்.

ரிட்டர்ன் லோடு பிடிப்பேன் என்பீர்கள். பிடியுங்கள். ஆனால் அங்கே கிடைப்பது 60 இல்லை, 30 ஆக இருக்கும். செலவைவிடக் குறைவு என்று மறுக்கவும் முடியாது. காலியாக வந்தாலே 32 போகிறதே, இன்னும் 8 செலவழித்து 30 வாங்குவது புத்திசாலித்தனம்தான். ஏற்றிக்கொண்டு வந்தால் நடைக்கு 4,000 மிஞ்சும். அதற்காக இரண்டு நாள் காத்திருந்தால் அந்த மிச்சமும் தவணையில் கரைந்துவிடும். சரி, இதே புத்திசாலித்தனம் எதிர்முனையிலிருந்து வருகிறவருக்கும் உண்டு அல்லவா? உங்கள் ஊரில் நீங்கள் 60 எதிர்பார்க்கும் அதே லோடு, அவருக்கு ரிட்டர்ன் லோடு. அவர் 30-க்கு ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அவர்மேல் கோபப்பட நியாயமில்லை. நீங்கள் அவர் ஊரில் அதையேதான் செய்கிறீர்கள். லாரி வாடகை ஏன் எப்போதும் செலவுக்குப் பக்கத்திலேயே நொண்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இதிலிருந்து தப்ப ஒரே வழி, போகவும் வரவும் லோடு உள்ள ஒரு வழித்தடத்தைப் பிடிப்பது, அல்லது எல்லோராலும் ஏற்ற முடியாத சரக்கைப் பிடிப்பது: குளிரூட்டிய பெட்டி, தொட்டி, நீளமான இரும்பு. அதற்கேற்ற வண்டி வேறு. ஆகவே எந்த வண்டி என்ற கேள்விக்கு இப்போதைக்கு என்னிடம் பதில் இல்லை. சரக்குதான் அந்தப் பதிலைச் சொல்ல வேண்டும்.

கன்டெய்னர் கப்பல் போக்குவரத்துக்கு வழி போட்ட மால்கம் மெக்லீன் தொழிலைத் தொடங்கியது 1930களில், பழைய லாரி ஒன்றோடு. அப்போது அவர் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பெட்ரோல் பங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். பங்குக்கு எண்ணெய் கொண்டு வருகிறவருக்கு என்ன கூலி கிடைக்கிறது என்பதைக் கவனித்துவிட்டுத்தான் வண்டிக்கு அலைந்தார். 1956-இல் அவருடைய முதல் கன்டெய்னர்க் கப்பல் 58 பெட்டிகளோடு கிளம்பியபோது, அவருக்குக் கப்பலைப் பற்றித் தெரிந்ததைவிட, துறைமுகத்தில் லாரி காத்துக் கிடப்பதால் ஆகும் செலவைப் பற்றித்தான் அதிகம் தெரிந்திருக்கும்.

பணம் வரும் விதத்தைப் பற்றியும் உங்கள் கணக்கில் ஒன்றுமில்லை. கணக்குப் பிரிவில் இருபது வருடம் இருந்தவர் இதை விட்டது ஆச்சரியம்தான். டீசலுக்கு இன்றைக்கே காசு. சுங்கத்துக்கு இன்றைக்கே. தவணைக்குத் தேதி உண்டு. ஆனால் வாடகை? கொஞ்சம் அட்வான்ஸ், மீதி பாக்கி. கையெழுத்தும் முத்திரையும் உள்ள டெலிவரி ரசீது போய்ச் சேர்ந்து, பில் பாஸாகி, முப்பது நாளில் வந்தால் நல்ல பார்ட்டி. அறுபது நாளும் ஆகும். ரசீதில் ‘இரண்டு பெட்டி நசுங்கியது’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் பிடித்தம் வேறு. நடுவில் புரோக்கர் கமிஷன். லாபத்தில் ஓடிக்கொண்டே டீசலுக்குக் காசில்லாமல் நிற்கிற வண்டிகள் நிறைய. ஓடாத லாரி என்பது யானையைக் கட்டித் தீனி போடுகிற கதை. சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொட்டிவிடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். மூன்று மாத ஓட்டச் செலவும், ஒரு செட் டயருக்கான பணமும், பெரிய ரிப்பேர் ஒன்றுக்கான பணமும் தனியாக இருக்க வேண்டும். அது இல்லாத அளவுக்கு வண்டி விலை இருந்தால், அந்த வண்டி உங்களுக்கு இல்லை. புது வண்டி ஆசையை நல்ல மெக்கானிக்கை வைத்துப் பார்த்து வாங்கிய பழைய வண்டி தீர்க்காது, தவணையைப் பாதியாக்கும்.

இன்சூரன்ஸ் என்று ஒரே வரி எழுதியிருக்கிறீர்கள். அது வண்டிக்கு. சரக்குக்கு யார் பொறுப்பு? பல நாடுகளுக்கிடையே சாலைவழிச் சரக்குக்கு உள்ள சிஎம்ஆர் ஒப்பந்தம் 1956-இல் வந்தது; பின்னால் 1978-இல் சேர்த்த திருத்தப்படி பொறுப்பின் உச்சவரம்பு பொதுவாகக் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர் (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு). எடையை வைத்துத்தான் வரம்பு, விலையை வைத்து அல்ல. உள்நாட்டு ஓட்டத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் வேறு சட்டம். நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதத்தில் முழு விலைக்கும் பொறுப்பு என்று ஒரு வாசகம் இருந்தால், ஒரு லோடு செல்போன் தொலைந்தால் வீடே போய்விடும். படிக்காமல் போடாதீர்கள். அப்புறம் ‘இன்னும் ரெண்டு டன் போட்டுக்கலாம் சார்’ என்பார்கள். ஒருநாளும் வேண்டாம். ஓர் அச்சின்மேல் (ஆக்ஸில்) ஏறும் சுமை இரட்டித்தால் சாலைக்கு ஆகும் சேதம் சுமார் பதினாறு மடங்கு என்பது அமெரிக்காவில் 1958 முதல் 1960 வரை லாரிகளை ஓட்டிப் பார்த்த சோதனையிலிருந்து பிறந்த கணக்கு. சாலையை விடுங்கள், இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டியது நீங்கள்தான்.

கைகட்டி நிற்க வேண்டாம் என்கிறீர்கள். இப்போது உங்களுக்கு ஒரு மேலாளர். அங்கே லோடு கொடுப்பவர், புரோக்கர், கிடங்கு மேற்பார்வையாளர், சோதனைச் சாவடிக்காரர், வங்கிக்காரர். இவர்களில் யாரும் உங்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரப் போவதில்லை. அதற்காக இந்தத் தொழிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒற்றை வண்டியில் தொடங்கிக் குடும்பத்தைக் கரையேற்றியவர்கள் ஏராளம். அவர்களில் பலர் வண்டி வாங்கும் முன்பே டிரைவராகவோ கிளீனராகவோ புக்கிங் ஆபீஸ் கணக்கராகவோ அதே வழித்தடத்தில் இருந்தவர்கள். உங்களுக்கு அது இல்லை, சம்பாதித்துக்கொள்ளலாம். நீண்ட விடுப்பு எடுத்து வேறொருவர் வண்டியில் போங்கள். அதைவிட, மாலையில் ஒரு புக்கிங் ஆபீஸில் கணக்கெழுத உட்காருங்கள். யார் சொன்ன தேதியில் பணம் கொடுக்கிறார், யார் இழுத்தடிக்கிறார் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம்.

வேலையை எப்போது விடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். போக ஒருவர், வர ஒருவர் என்று குறைந்தது இரண்டு பேர் தொடர்ந்து லோடு தருவதாக எழுத்தில் கொடுக்கட்டும். அவர்களுக்காக வாடகை வண்டி அமர்த்தி நாலைந்து நடை அனுப்பிப் பாருங்கள். அந்த நடைகளின் பாக்கி முழுவதும் உங்கள் கணக்கில் ஏறிய மறுநாள் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுங்கள்.