ஒரு ராத்திரியில ஒரு ஊரை முடிவு பண்ணலாமா?

கேள்வி: போன மாசம் குடும்பத்தோட வியட்நாம், ஹனோய் போயிருந்தோம். ராத்திரி இறங்கினதுலேர்ந்து ஒரே ஹார்ன் சத்தம், ரோட்டை கிராஸ் பண்ணவே முடியல, டாக்ஸிக்காரர் காசு ஏமாத்திட்டார், எங்க பாத்தாலும் மீன் வாடை, யாரும் முகம் குடுத்துப் பேசல. மறுநாளே வெறுத்துப் போய் மீதி ரெண்டு நாளை ஹோட்டல் ரூம்லயும் மால்லயும் கழிச்சிட்டு வந்துட்டோம். எங்க பத்து வயசுப் பொண்ணு மட்டும் ஏரி நடுவுல இருக்கே அந்தக் கோபுரம் என்னன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. முதல்ல மனசுல படறதுதானே சரியா இருக்கும்? அங்க யாரும் போகாதீங்கன்னு உங்க பத்திரிகையில எழுதக் கூடாதா?
(வாசகர், சேலம்)

பதில்: எழுத மாட்டேன் சார். நீங்க ஹனோயைப் பாக்கவே இல்லயே, ராத்திரி ரெண்டு மூணு மணி நேரம் அதுல மாட்டிக்கிட்டீங்க, அவ்வளவுதான்.

டாக்ஸி விஷயத்துல உங்க கோபம் நியாயம், அந்த ஆள் செஞ்சது தப்புதான். அந்த ஊர் நோட்டுல இன்னொரு சிக்கலும் இருக்கு, 20,000 டாங் நோட்டும் நீலம், 5,00,000 டாங் நோட்டும் நீலம், ரெண்டுலயும் அந்த நாட்டுத் தலைவரா இருந்த ஹோ சி மின் முகம். ஒண்ணு நம்ம காசுக்கு 70 ரூபா கிட்ட, இன்னொண்ணு 1,600 ரூபாய்க்கு மேல. தூக்கக் கலக்கத்துல, மங்கலான வெளிச்சத்துல யாருக்கும் தடுமாறும், அதனால போறவங்க எல்லாரும் 5 லட்சம் நோட்டைத் தனியா மடிச்சு வெச்சிக்கோங்க. 86ஆம் நம்பர் பஸ் ஏர்போர்ட்லேர்ந்து பழைய டவுன் பக்கமே போகுது, அதையும் விசாரிச்சு வெச்சிக்கோங்க. ஆனா ஏர்போர்ட் வாசல்ல நின்ன ஒருத்தரை வெச்சு, 1010ல லீ தாய் தோ ராஜா தலைநகரா ஆக்கின ஊர் முழுசுக்கும் நீங்க தீர்ப்பு எழுதறீங்களே, அதுதான் எனக்கு வலிக்குது.

ரோட்டுக்கு வருவோம், இதுலதான் நம்மாளுங்க எல்லாரும் பயந்துடறாங்க. நம்மூர்ல வண்டி இடது பக்கமா போகுது, அதனால ரோட்டுல கால் வெக்கறப்போ கழுத்து தானா வலது பக்கம் திரும்பும், சின்ன வயசுலேர்ந்து பழகின கழுத்து. அங்க வலது பக்கமா ஓட்டறாங்க, நீங்க பாக்காத பக்கத்துலேர்ந்து பைக் வந்து நிக்குது, உடனே நெஞ்சு பதறுது, ஒரு அடி பின்னாடி வெக்கறீங்க. அந்தப் பின்னாடி வெக்கற அடிதான் ஆபத்து, ஏன்னா பைக் ஓட்டறவர் உங்க நடை வேகத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஏற்கெனவே உங்களைச் சுத்திப் போக வண்டியைத் திருப்பியிருப்பார். நிக்காம, ஓடாம, ஒரே வேகத்துல மெதுவா நடந்தா போதும், தண்ணி கல்லைச் சுத்திப் போற மாதிரி போயிடுவாங்க. பஸ், கார் வந்தா மட்டும் நின்னுடணும்.

இதை நான் தெரிஞ்சிக்கிட்டது ஒரு பாட்டிகிட்ட. பல வருஷம் முன்னாடி ஒரு பிப்ரவரி மாசம் போனேன், அந்த மாசத்துல அங்க பொடித் தூறலா விழுந்துக்கிட்டே இருக்கும், துணி காயாது, முதல் ராத்திரி எனக்கும் உங்களை மாதிரியேதான் இருந்துச்சு, இனிமே இந்தப் பக்கம் வரவே கூடாதுன்னு நோட்டுல எழுதிட்டுப் படுத்தேன். விடியக்காலையில கீழ பிளாஸ்டிக் ஸ்டூல் இழுத்துப் போடற சத்தத்துல முழிப்பு வந்து இறங்கி வந்தா, தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் பழக்கூடை தொங்க ஒரு பாட்டி தலையைக் கூட நிமித்தாம அந்த வண்டிக் கூட்டத்துக்குள்ள நடந்து போறாங்க, ஒரு பழம் கூட ஆடல. நான் அவங்க பின்னாடியே நடந்தேன். அந்தப் பக்கம் ஏரிக்கரை. ஆறு மணி கூட ஆகல, வயசானவங்க எல்லாம் பாட்டுப் போட்டு ஆடிக்கிட்டு, ஷட்டில் ஆடிக்கிட்டு, கை கால் நீட்டி மடக்கிக்கிட்டு. அப்புறம் நடக்க நடக்க ஹாங் தியெக் தெருவுல தகரம் தட்டற சத்தம், ஹாங் மா தெருவுல முன்னோருக்கு எரிச்சுப் படைக்கற காகிதச் சாமான், லான் ஓங் தெருவுல நாலு கடை தள்ளியே நம்ம நாட்டு மருந்துக் கடை வாசனை. அங்க நிறைய தெருவுக்கு, ஒரு காலத்துல அங்க வித்த சரக்குதான் பேரு. நீங்க தங்கின ஹோட்டல்லேர்ந்து இதெல்லாம் எவ்வளவு தூரம் இருந்திருக்கும்னு நினைக்கறீங்க?

மீன் வாடை, அது நெத்திலியை உப்புல ஊற வெச்சு எடுக்கற சாஸ், பெரும்பாலான சமையல்ல இருக்கும். சைவம்னா "சாய்"னு போர்டு இருக்கற கடைக்குப் போங்க, அங்கயும் மாசத்துல வளர்பிறை முதல் நாளும் பௌர்ணமியும் நிறைய பேர் சைவம்தான். முகம் குடுக்கலன்னு சொன்னீங்க, அந்த பாஷையில ஆறு தொனி, "மா"ங்கற ஒரே சத்தம் தொனி மாறினா பேய், கல்லறை, குதிரை, நெல் நாத்துன்னு ஆகிடும். நாம சொன்னது அவங்களுக்குப் புரிஞ்சிருக்காது, அதுல மரியாதைக் குறைவு எதுவும் இல்ல.

உங்க பொண்ணு கேட்டதுக்கு நீங்க பதில் சொன்னதா எழுதல, அதனால நான் சொல்றேன், அவகிட்ட படிச்சுக் காட்டுங்க. அதுக்குப் பேரு ஆமைக் கோபுரம். 15ஆம் நூற்றாண்டுல லே லோய்ங்கற ராஜா சீனாவோட மிங் படையை விரட்டின வாளை, இந்த ஏரியில வந்த தங்க ஆமை திருப்பி வாங்கிக்கிச்சுன்னு கதை, அந்த ஏரியோட பேரு ஹோவான் கீயம், அப்படின்னா திருப்பிக் குடுத்த வாள். அந்த ஏரியில நிஜமாவே ஒரு பெரிய ஆமை ரொம்ப காலம் இருந்துச்சு, ஊரே அதைத் தாத்தான்னு கூப்பிட்டுச்சு, 2016 ஜனவரியில செத்துப் போச்சு. அதோட உடம்பைப் பதப்படுத்தி அதே ஏரியில இருக்கற ங்கோக் சோன் கோயில்ல கண்ணாடிப் பெட்டியில வெச்சிருக்காங்க, சிவப்பு மரப் பாலம் தாண்டிப் போகணும்.