12 சதவீத இனிப்பு ஸ்டவுட் இருமல் மருந்து மாதிரி இருக்கிறதே, கெட்டுப்போய்விட்டதா?

கேள்வி: மச்சான் வெளிநாட்டிலிருந்து இரண்டு கேன் ஸ்டவுட் (கருக வறுத்த தானியத்தில் செய்யும் கறுப்பு பீர்) கொண்டுவந்தான். ஒரு கேன் 330 மில்லி, ஆல்கஹால் 12 சதவீதம். வனிலா, கோகோ, தேங்காய் சேர்த்தது. ரூம் டெம்பரேச்சரில் குடிக்கணும் என்று படித்ததால் பிரிட்ஜில் வைக்காமல் ஒன்றைத் திறந்தேன். ஒரே தித்திப்பு, தொண்டையில் எரிச்சல், அப்படியே இருமல் மருந்து. இன்னொரு கேனை என்ன செய்ய? ஊர் பாளையங்கோட்டை.

பதில்: பெரும்பாலும் கெட்டிருக்காது. உங்களைக் கவிழ்த்தது 'ரூம் டெம்பரேச்சர்' என்ற சொல்தான். அது குளிர்நாட்டுப் பேச்சு. அவர்கள் மனதில் இருப்பது 12, 14 டிகிரி உள்ள நிலவறை. பாளையங்கோட்டையில் கோடைக்கு வீட்டுக்குள்ளேயே 34 டிகிரி இருக்கும். அந்தச் சூட்டில் திறந்தால் கேஸ் எல்லாம் நுரையாகப் பொங்கிப் போய்விடும், ஆல்கஹால் முதலில் மூக்கில் ஏறும். மிச்சம் நிற்பது இனிப்பும் எரிச்சலும் மட்டும்.

இரண்டாவது கேனைப் பிரிட்ஜில் ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள். அடியில் மண்டி இருந்தால் படிந்துவிடும். குடிக்கும் நாளில் வெளியே எடுத்து 10 நிமிடம், போனால் 15 நிமிடம் வைத்தால் போதும். அரை மணி நேரம் வைக்கச் சொல்வது அவர்கள் ஊர்க் கணக்கு. நம் ஊரில் கேன் வேர்த்து வழியத் தொடங்கிய பிறகு சூடு மளமளவென்று ஏறும். 8 டிகிரியில் தொடங்கி 15, 16 வரை மெல்ல ஏற ஏறக் குடிப்பதுதான் இதன் ருசி. அதற்கு மேல் போகவிடக் கூடாது. கேனில் மிச்சம் இருப்பதைத் திரும்பப் பிரிட்ஜிலேயே வைத்துவிட்டு, 60 மில்லி 60 மில்லியாக ஊற்றிக்கொள்ளுங்கள். டம்ளர் நிறைய ஊற்றினால் பாதி குடிப்பதற்குள் மறுபடி இருமல் மருந்து ஆகிவிடும்.

டம்ளர் என்றதும் ஒன்று. எவர்சில்வர் வேண்டாம். வயிறு அகன்று வாய் குறுகிய பிராந்தி கிளாஸ் நல்லது. இல்லாவிட்டால் சாதாரணக் கண்ணாடி டம்ளரில் கால் பங்கு ஊற்றினாலும் மணம் உள்ளே தங்கும். எண்ணெய்ப் பிசுக்கு துளிகூட இருக்கக் கூடாது, எண்ணெய் பட்டால் நுரை உடனே அடங்கிவிடும். உங்கள் கேனில் தேங்காயும் இருக்கிறது, அதன் எண்ணெயும் நுரையைக் குறைக்கும். ஆல்கஹால் கூடின பீரில் நுரை குறைவாக இருப்பதே இயல்பு, அதைப் பார்த்து மட்டும் கெட்டது என்று முடிவு கட்டாதீர்கள்.

இப்போது இனிப்பு. சாதாரண பீரில் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) தரும் சர்க்கரையில் பெரும்பகுதியை ஈஸ்ட் தின்றுவிடும். இதில் மால்ட் கரைசலை மிகவும் கெட்டியாகத் தொடங்குவார்கள். உதாரணமாக, தண்ணீரை 1 என்று வைத்தால், அடர்த்தி 1.130-ல் ஆரம்பித்து 1.040-ல் நின்றால் ஆல்கஹால் ஏறக்குறைய 12 சதவீதம் வரும். அதற்குப் பிறகும் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரையும் மாவுச்சத்துத் துணுக்குகளுமாகக் கரைந்தே நிற்கும். பலர் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரையும் சேர்க்கிறார்கள். பீர் ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. ஆனால் அதன் தித்திப்பு சாதாரணச் சர்க்கரையைவிட மிகவும் குறைவு; அது கொடுப்பது கெட்டித்தன்மை. வனிலா துளியும் இனிக்காது, ஆனாலும் அந்த மணம் நாக்கை ஏமாற்றி இனிப்பைக் கூட்டிக் காட்டும். பாயசத்தில் ஏலக்காய் செய்கிற வேலைதான்.

இந்த இனிப்பைத் தாங்கிப் பிடிக்க எதிரே ஒரு கசப்பு நிற்க வேண்டும். வறுத்த பார்லியும் கருக வறுத்த மால்ட்டும் அதற்குத்தான். காப்பிக்கொட்டை போல உருளையில் போட்டு வறுக்கும் முறைக்கு டேனியல் வீலர் 1817-ல் இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார், ஸ்டவுட்டின் இன்றைய கறுப்பு அங்கே தொடங்கியது. நமக்கு இதை விளங்கிக்கொள்வது சுலபம். கருப்பட்டிக் காப்பியில் டிகாஷன் நீர்த்துப்போனால் வெறும் பாகுத் தண்ணீர், திடமாக இருந்தால் அதே கருப்பட்டி எவ்வளவு எடுப்பாக இருக்கிறது! அப்படித்தான் இதுவும்.

ஊற்றியதும் குடிக்காதீர்கள். கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கைச் சற்றுத் தள்ளி வைத்துச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகர்ந்து பாருங்கள். உள்ளே மூக்கை விட்டு ஆழமாக இழுத்தால் ஆல்கஹால் ஏறி, அடுத்த ஒரு நிமிடத்துக்கு வேறெதுவும் தெரியாது. பிறகு ஒரு டீஸ்பூன் அளவு வாயில் எடுத்து, நாக்கு முழுக்கப் பரவவிட்டு, விழுங்கியதும் வாயை மூடியபடி மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். கோகோவும் தேங்காயும் அந்த மூச்சில்தான் வரும். 8 டிகிரியில் காப்பிக் கசப்பு முன்னால் நிற்கும். 12 வரும்போது சாக்லேட், பேரீச்சம்பழம், அல்வா இறக்கும் நேரத்து மணம் போல ஒன்று தலைகாட்டும். மூன்றாவது மடக்குக்குப் பிறகு நாக்கின் பின்பக்கம் கசப்பு நின்று, அடுத்த மடக்கை வாய் கேட்கிறதா என்று கவனியுங்கள். கேட்டால் நல்ல சரக்கு. பல்லில் ஒட்டிக்கொண்டு திகட்டினால், 12 டிகிரியிலும் அது சரியாகச் செய்யாத பீர்தான், எத்தனை விலை கொடுத்திருந்தாலும் சரி.

உண்மையாகவே கெட்டதற்கு அடையாளம் வேறு. நனைந்த அட்டைப்பெட்டி வாடை, சோயா சாஸ் உப்பு, தேங்காய் எண்ணெய் காறின சிக்கு, எதிர்பாராத புளிப்பு, நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் நெடி. முதல் இரண்டும் பழசாகி ஆக்சிஜன் பட்டதால் வருபவை, வெக்கை அதை வேகப்படுத்தும். புளிப்பு பாக்டீரியா வேலை. கேன் உப்பியிருந்தால் உள்ளே மறுபடி நொதித்திருக்கிறது என்று பொருள், திறக்காமல் தூரப் போடுங்கள்.

கூட அல்வா வேண்டாம். அல்வா தின்ற வாய்க்கு ஸ்டவுட் வெறும் கசப்பாகவும் தண்ணியாகவும் தெரியும். காரச்சேவும் வேண்டாம், ஆல்கஹால் மிளகாய்க் காந்தலைக் கிளப்பிவிடும். உப்பு போட்டு வறுத்த முந்திரி, கடலை, இவை போதும். இடையிடையே வாய் கொப்பளிக்கத் தண்ணீர். இஞ்சித் துவையலோடு சொதிச் சாப்பாடு சாப்பிட்ட மத்தியானத்தில் இதைத் தொடாதீர்கள், இஞ்சி நாக்கில் வெகுநேரம் நிற்கும்.

அளவு முக்கியம். இந்த ஒரு கேனில் இருக்கும் ஆல்கஹால் சுமார் 40 மில்லி. பெக்குக்கு 30 மில்லி என்ற கணக்கில் மூன்று பெக் விஸ்கிக்குச் சமம். இனிப்பு அதை மறைத்துவிடும். மூன்று நான்கு பேர் பங்கிட்டுக்கொள்ளும் பண்டம் இது. குடித்துவிட்டு வண்டியைத் தொட வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள், லாக்டோஸ் இல்லாவிட்டாலும் இதில் சர்க்கரை மிஞ்சியிருக்கும் என்பதை மறக்காதீர்கள்; பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் லேபிளில் லாக்டோஸ் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

கேனை மூடி வைக்க வழியில்லை. கொஞ்சம் மிஞ்சினால் மறுநாள் கேஸ் போயிருக்கும். அதை வனிலா ஐஸ்கிரீம் மேல் இரண்டு ஸ்பூன் ஊற்றிச் சாப்பிடுங்கள், கேஸ் இல்லாதது அதில் குறையாகவே தெரியாது.